அளவு நோட்டில் ஆறு கதவுகள்

போன வாரம் உங்களிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன்.

பதிவு அலுவலகத்தில் அண்ணி கையெழுத்துப் போட்ட கதையைப் பக்கம் பக்கமாகச் சொன்னேன். பேனா எழுதாமல் போனது, கிளார்க் முறைத்தது, அண்ணி தன் பையிலிருந்து வேறு பேனா எடுத்தது, எதையும் விடவில்லை. அப்பா வீட்டில் தனக்கு இருந்த பாதியைத் தம்பிக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, "முடிஞ்சுதா? டீ குடிக்கலாமா?" என்று கேட்டாரே, அதையும் சொன்னேன். அந்த நேரத்தில் என் நெஞ்சு ஏன் திக்திக்கென்று அடித்துக்கொண்டது என்பதை மட்டும் சொல்லவில்லை.

இப்போது சொல்லிவிடுகிறேன். கட்டப்போகிற வீட்டின் பிளானில் அண்ணிக்கு ரூம் கிடையாது. எடுத்தது நான்தான்.

இந்த வாரம்தான் முதல் தடவையாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறீர்கள் என்றால், அண்ணி என்பது என் கணவரின் அக்கா. டெய்லர். எங்கள் தெருவில் பாதிப் பேர் உடம்பில் அவர் தைத்ததுதான் இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது நோண்டினால், "வந்ததெல்லாம் எனக்கு லூஸா இருந்துச்சு" என்பார். கேட்டவர் அப்புறம் வாயைத் திறக்க மாட்டார்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அண்ணி அவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் நடுமாடி. வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் பாதியில் நின்றுவிடுவார். உள்ளே மாட்டிக்கொண்டு முழிப்பது நாங்கள் இரண்டு பேரும்தான்.

நான் மருந்துக் கடைக் கவுன்டரில் நிற்கிறவள். டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் படித்து, இப்போதெல்லாம் யார் கையெழுத்தும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தத் திறமைதான் இன்றைக்கு என்னைக் காட்டிக் கொடுத்தது.

போன வருஷம் மகளுக்குப் பரீட்சை. "அண்ணி, மிஷின் சத்தம் கொஞ்சம்..." என்று இழுத்தேன். அண்ணிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "வீட்டைக் கட்டுங்க. என் மிஷினைத் தூக்கிக்கிட்டு நான் எங்கேயாவது போயிடறேன்" என்றார். அரை மணி நேரத்தில் கோபம் இறங்கி, அதே மகளின் சீருடைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. பின்னால் உதவும் என்று பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

உதவியது. பிளான் போட வந்த இன்ஜினியர், "இந்த மூணாவது ரூம் யாருக்கு மேடம்?" என்று கேட்டார். "அவங்க தனியா போறதா இருக்காங்க" என்றேன். அவ்வளவுதான். ரப்பரால் ஒரு கோட்டை அழித்தார். என் சமையலறை இரண்டு மடங்காகிவிட்டது.

நியாயம் பேச வரவில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். பதினெட்டு வருஷம் நான் சமைத்த இடத்தில், ஒருவர் அடுப்பு முன்னால் நின்றால் இன்னொருவர் உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் தாண்ட முடியும். காகிதத்தில் அந்தப் பெரிய கட்டத்தைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. வெட்கங்கெட்ட ஆசை.

"அக்காகிட்டக் கேட்டியா?" என்றார் நடுமாடி.

"கேட்டேன்" என்றேன்.

கேட்கவே இல்லை.

அதற்கப்புறம்தான் அண்ணி கையெழுத்துப் போட்டார். இப்போது புரிகிறதா, அன்றைக்கு அந்த டீயை நான் ஏன் குடிக்காமலே வைத்துவிட்டேன் என்று?

அதிலிருந்து மூன்று மாதத்தைத் தாண்டி இன்றைக்கு வருகிறேன். நடுவில் பழைய வீடு இறங்கிவிட்டது. அதே மனையில் புது வீட்டுச் சுவர் முழங்கால் உயரத்துக்கு எழும்பியிருக்கிறது. நாங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு மாடியில் வாடகைக்கு இருக்கிறோம்.

பழைய வீட்டிலிருந்து எதையும் வீணாக்கக் கூடாது என்பதில் மட்டும் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே பேச்சு. அந்த மரம் இப்போது கிடைக்காது. அந்தச் செங்கல்லும் அப்படித்தான், ஒன்றோடு ஒன்றைத் தட்டினால் பாத்திரம் மாதிரிச் சத்தம் வரும். செங்கல்லில் ஒட்டியிருந்த பழைய காரையைச் சுரண்டிச் சுரண்டியே என் கணவருக்கு ஒரு மாத லீவு நாள் போனது. விட்டத்துக் கட்டைகள் ஒரு பக்கம், ஜன்னல் கம்பிகள் ஒரு பக்கம். தகரக் கொட்டகையில் ஏழு கதவு, ஏழு நிலை.

நிலை என்றால் கதவைத் தாங்குகிற சட்டம். சுவர் முழங்கால் உயரத்தில் இருக்கும்போதே அதை நிறுத்திவிட்டு, அப்புறம் சுற்றிச் சுவரை எழுப்ப வேண்டும். இன்றைக்கு அந்த வேலை. புதுச் சுவரில் ஆறு இடத்தில் இடைவெளி விட்டிருந்தார்கள். கொட்டகையில் ஏழு நிலை. இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் நான், என் கணவர், தச்சர். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தச்சரிடம் முன்னாடியே சொல்லி வைத்திருந்தேன். "மீதி ஒண்ணு எங்கேன்னு அண்ணி கேட்டா, பின்பக்கம் வைக்கப் போறோம்னு சொல்லிடுங்க." ஒரு பொய்யை நிறுத்தி வைக்க இன்னொரு பொய் முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

காலையில் ஃபிளாஸ்க்கில் டீயோடு நாங்கள் மூன்று பேரும் போய் இறங்கியபோது, தச்சர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, அரை இன்ச். எதைக் கேட்டாலும், "அரை இன்ச் விட்டுப் பார்ப்போம்" என்பார்.

"என்ன அரை இன்ச், விடிஞ்சதுமே முகம் இப்படி இருக்கு?" என்றார் அண்ணி.

"நம்பர் எங்கேக்கா?"

"எந்த நம்பர்?"

"நிலையில நம்பர் போட்டிருக்கேன்னு சொன்னீங்களே. ஒண்ணுலயும் காணோமே."

"போட்டேனே. உள்பக்கம் பாருங்க."

"எந்த உள்பக்கம்?"

அண்ணி ஒரு நிலையைப் புரட்டிக் காட்டினார். சுவரோடு ஒட்டுகிற பக்கம் முழுக்கக் கன்னங்கரேலென்று தார்.

"நேத்துத்தானே அடிச்சேன்" என்றார் தச்சர் பரிதாபமாக. "சுவர்ப் பக்கம் தார் அடிக்கலைன்னா கரையான் வந்துடும். யாராவது அந்தப் பக்கம் போய் எழுதுவாங்களா?"

"பின்னே எந்தப் பக்கம் எழுதுவாங்க? நல்ல பக்கத்துல சாக்பீஸ் கோடு தெரிஞ்சா, துணி கொடுத்தவங்க என் மூஞ்சியிலேயே விட்டெறிவாங்க. முப்பது வருஷமா உள்பக்கம்தான் போடறேன்."

"அக்கா, இது துணி இல்லைக்கா. கதவு!"

"அது எனக்குத் தெரியாது பாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டை இறக்கின அன்றைக்கு அண்ணி வெயிலில் நின்று, ஒவ்வொரு நிலையாகப் புரட்டிப் போட்டு, தையல் சாக்பீஸால் அழகாக எண் போட்டார். பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்குமே அது தப்பாகப் படவில்லை. டெய்லர் வீட்டிலேயே இருந்து இருந்து எங்களுக்கும் உள்பக்கம்தான் எழுதுகிற பக்கம் என்று ஆகிவிட்டது போலிருக்கிறது. கதவுகளில் எழுதியதோ, கொட்டகைக்குள் அடித்த சாரலில் எப்போதோ போயிருந்தது. நிலையில்தான் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தோம்.

கொத்தனார் சுவர் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். "சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க. இன்னைக்கு நிறுத்தினா நிறுத்தறேன். நாளையிலேருந்து எனக்கு வேற சைட். அப்புறம் பத்து நாள் கழிச்சுத்தான் எட்டிப் பார்ப்பேன்."

"ஒவ்வொரு கதவா ஒவ்வொரு நிலையில மாட்டிப் பார்த்துட்டாப் போச்சு" என்றார் என் கணவர்.

"பார்க்கலாம்" என்றார் தச்சர். "எல்லாம் ஒரே மரம், ஒரே பச்சைப் பெயின்ட். ஆனா நாப்பது வருஷமா ஒவ்வொண்ணையும் அங்கங்கே இழைச்சு இழைச்சு வெச்சிருக்காங்க. ஒண்ணோட கதவு இன்னொண்ணுல உட்காராது. சுவரை விட்டு எடுத்ததுல நிலை எல்லாம் காலை வேற அகட்டி நிக்குது. தூக்கித் தூக்கி வெச்சுப் பார்க்கறதுக்குள்ள பொழுது சாஞ்சுடும்."

"எதுக்குத் தூக்கணும்?" என்றார் அண்ணி. "அளவு நோட்டுல எல்லாம் இருக்கு."

"கதவுக்கா?"

"தைக்கிறதுக்கு முன்னாடி அளவு எடுக்க மாட்டாங்களா? வீட்டை இடிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்."

பையைத் துழாவி ஒரு நீள நோட்டை எடுத்தார். அந்த நோட்டு இல்லாமல் அவர் வாசலைத் தாண்ட மாட்டார். கூடவே டேப்பும் வந்தது. கண்ணாடி மட்டும் வரவில்லை. "மிஷின் மேலேயே வெச்சுட்டு வந்துட்டேன் போல" என்று என் கையில் நோட்டைக் கொடுத்தார். "நீ படி. நான் டேப் பிடிக்கிறேன். நடுமாடி, நீ அந்தப் பக்கம் பிடி. பாதியில விட்டுடாதே."

நோட்டைத் திறந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே இடது மூலையில் 'வாங்கிய தேதி', வலது மூலையில் 'கொடுக்கும் தேதி', நடுவில் பெயர், கீழே அளவு. எல்லாருக்கும் எழுதுகிற மாதிரியே கதவுக்கும் எழுதியிருந்தார்.

"ஒண்ணு. வாசல் கதவு" என்று படித்தேன். "தோள் நாப்பத்திரண்டு. இடுப்பு நாப்பத்திரண்டு. அடிச்சுற்று நாப்பத்தொண்ணரை."

"அடிச்சுற்றா?" என்றார் தச்சர்.

"கீழ் அகலம். மேலே படி" என்றார் அண்ணி.

"பட்டன், மேலேயிருந்து ஒன்பதுல ஒண்ணு, முப்பத்தெட்டுல ஒண்ணு, அறுபத்தேழுல ஒண்ணு."

"கீலைச் சொல்றீங்களா?" தச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட, கீல் இருக்கிற இடத்தைக்கூட எழுதியிருக்கீங்களே! அது போதுமே. கதவுல கீல் இருக்கிற இடமும் நிலையில பள்ளம் இருக்கிற இடமும் சேர்ந்தா ஜோடி."

"அதைத்தானே சொல்றேன். கதவுல பட்டன், நிலையில காஜா. ரெண்டும் நேரா வந்தா சட்டை உன்னுது."

கொத்தனார்கூட சுவரை விட்டு இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார். வாசல் கதவு அதன் நிலையைக் கண்டுபிடித்துவிட்டது. தச்சர் இந்த முறை நல்ல பக்கத்தில், கொட்டை எழுத்தில் ஒன்று என்று எழுதினார்.

இரண்டாவது, எங்கள் ரூம் கதவு. மூன்றாவது, மகளின் ரூம். "மகள் கதவுக்கு இடுப்புல கொஞ்சம் பிடிச்சு விட்டிருக்கு" என்று நான் படித்ததும், "மழைக்கு உப்பிக்கும். அதான் இழைச்சோம், ஞாபகம் இருக்கா தம்பி?" என்றார் அண்ணி. என் கணவர் சிரித்தார். அக்காவும் தம்பியும் டேப்பின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு கதவாகத் தாண்டத் தாண்ட ஏழு கிட்டே வருகிறதே. ஏழாவது அண்ணியின் ரூம் கதவு. அதைப் படித்ததும் எந்த இடத்துக்கு என்று தச்சர் கேட்பார். இல்லை, அண்ணியே கேட்பார். பின்பக்கம் என்று நான் சொல்ல வேண்டும். பின்பக்கத்து இடைவெளிக்கு ஏற்கெனவே ஆறாவது கதவு இருக்கிறது.

நான்கு, சமையலறை. ஐந்து, குளியலறை. ஆறு, பின்பக்கம். வாய் படித்துக்கொண்டே போனது. மனசு அடுத்த பக்கத்துக்கு ஒரு பதிலைத் தேடிக்கொண்டிருந்தது.

ஆறும் ஜோடி சேர்ந்தாயிற்று. பக்கத்தைத் திருப்பினேன்.

ஒரு பள்ளிக்கூடப் பையனின் கால்சட்டை அளவு. அதற்கு அடுத்து யாரோ ஒரு அம்மாவின் மேல்சட்டை. திரும்பவும் முன்னால் புரட்டினேன். இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று எச்சில் தொட்டுப் பிரித்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அளவு நோட்டில் ஆறு கதவுகள்தான் இருந்தன.

அப்போதுதான் கண் மேல் மூலைக்குப் போனது. வாங்கிய தேதி, பதினொன்று.

இன்ஜினியர் பிளானைக் கொண்டு வந்து கொடுத்தது அதே மாதம் பத்தாம் தேதி. அன்றைக்கு அதைச் சுருட்டி, இடம் இல்லாமல் அண்ணியின் தையல் மேஜை மேல்தான் வைத்தேன். அண்ணி கையெழுத்துப் போட்டது இருபத்து நான்காம் தேதி.

 எல்லாம் தெரிந்துதான் போட்டிருக்கிறார்.

"ஏழாவதையும் படி" என்றார் என் கணவர், டேப்பை விடாமல்.

நோட்டை அவர் பக்கம் திருப்பினேன்.

"ஏழாவது எழுதலையாக்கா?"

"உங்க பிளான்ல ஏழாவது எங்கே இருக்கு?" என்றார் அண்ணி. சாதாரணமாகத்தான் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

தச்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "நாங்க போய் ஒரு டீ குடிச்சுட்டு வர்றோம்" என்று கொத்தனாரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார் அரை இன்ச். ஃபிளாஸ்க் அவர் காலடியிலேயே இருந்தது.

"இல்லக்கா" என்று ஆரம்பித்தார் என் கணவர். "நீதான் தனியாப் போறேன்னு சொன்னியாமே. இவ கேட்டப்போ."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "எப்போ கேட்டே?"

அந்த நேரத்தில்கூட ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? பரீட்சை சமயத்தில் நீங்களே சொன்னீர்களே என்று ஆரம்பித்திருக்கலாம். கையில் இருந்த நோட்டு கனத்தது.

"கேட்கலை அண்ணி" என்றேன். "கேட்டேன்னு இவர்கிட்ட பொய் சொன்னேன். ரூமை எடுக்கச் சொன்னது நான். எனக்குப் பெரிய சமையலறை வேணும்னு இருந்துச்சு."

நடுமாடியின் கையிலிருந்து டேப் நழுவியது. "கேட்கவே இல்லையா?" என்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் செங்கல் அடுக்கின் மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"இவளை மட்டும் சொல்லி என்னக்கா" என்றார். "நீ பக்கத்து ரூம்லதான் இருந்தே. எழுந்து வந்து நானே உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்டா நீ ஏதாவது சொல்வே, அதுக்கு நான் ஒரு முடிவு எடுக்கணும். அதுக்குப் பயந்துக்கிட்டுக் கேட்கலை. இவ கேட்டேன்னு சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு."

பதினெட்டு வருஷத்தில் அவர் ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடித்து நான் பார்த்தது இன்றைக்குத்தான்.

அண்ணி குனிந்து டேப்பை எடுத்துச் சுருட்டினார். "பிளானை விரிச்சு வெச்சா அது எனக்குப் படிக்கத் தெரியாதா? வாழ்க்கை பூரா காகிதத்துல கோடு போட்டு வெட்டினவ நான். முதல்ல துண்டுகளை எண்ணுவேன். ஆறுதான் வந்துச்சு. இன்னொரு தடவை எண்ணினேன். மூணாவது தடவையும் எண்ணினேன்."

"அப்புறம் ஏன் அண்ணி கையெழுத்துப் போட்டீங்க?"

"ரூமுக்காகவா போட்டேன்? தம்பி வீடு கட்டணும்னு போட்டேன். அது வேற, இது வேற." டேப்பை இறுக்கிச் சுற்றினார். "ஆனா சொல்வீங்கன்னு நெனச்சேன். ரெண்டு பேர்ல ஒருத்தராவது வாயைத் திறந்து, அக்கா, உனக்கு இடம் இல்லைன்னு சொல்வீங்கன்னு மூணு மாசமாக் காத்துக்கிட்டிருக்கேன். இடம் இல்லைங்கிறதைத் தாங்கிக்கிட்டேன். ஒரே சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்துக்கிட்டு நீங்க அதைச் சொல்லாம இருந்ததைத்தான் தாங்க முடியலை."

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அண்ணி பைக்குள் கையை விட்டு ஒரு சாவியை எடுத்து, தனியாகக் கிடந்த ஏழாவது கதவின் மேல் வைத்தார்.

"நேத்து வாடகைக்குப் பிடிச்சுட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. முன்பக்கம் கடை, பின்பக்கம் ஒரு ரூம். இந்தக் கதவை மட்டும் எனக்குக் கொடுத்துடுங்க. ரெண்டு ஸ்டூல் மேல போட்டா நல்ல கட்டிங் டேபிள் ஆகும். கதவாத்தான் இருக்கணும்னு அதுக்கு என்ன?"

 தெருவில் ஒரு வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டே போனது.

நான் முழங்கால் சுவரைத் தாண்டி என் சமையலறைக்குள் போனேன். கூரையில்லாத, கதவில்லாத என் பெரிய சமையலறை. அடுப்பு இங்கே, பாத்திரம் கழுவுவது அங்கே, ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய ஒரு மேடை என்று எத்தனை தடவை மனசுக்குள் அடுக்கியிருப்பேன். பின்பக்கச் சுவரிலிருந்து காலடி வைத்து எண்ணினேன். பன்னிரண்டு அடியில் நின்றேன்.

"இங்கே ஒரு சுவர் போடச் சொல்லலாம். நடையில இருக்கிற சுவர்ல நாலு வரிச் செங்கல்லை எடுத்தா, அங்கே வழி வந்துடும். மிஷின் ஜன்னல் பக்கம் வரும். வெளிச்சம் இருக்கும்."

"உன் சமையலறை போயிடுமே" என்றார் அண்ணி.

"போகட்டும்."

"பாவம் பார்த்துக் கொடுக்கிற ரூம் எனக்கு வேண்டாம்மா."

"பாவம் எல்லாம் பார்க்கலை அண்ணி. எனக்குப் பயமா இருக்கு. நீங்க போயிட்டா அந்த வீட்டுல நான் யாரோட சண்டை போடுவேன்? இவரோடயா? இவர்தான் பாதியிலேயே நின்னுடுவாரே."

அண்ணியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. உடனே இறுக்கிக்கொண்டார். "சமாதானத்துக்கு நல்லா பேசறே. சண்டையும் நல்லாத்தான் போடுவே."

"மன்னிச்சுடுங்கன்னு கேட்கக்கூட எனக்கு வாய் வரலை."

"வராது. மூணு மாசத்துக் கறை ஒரு துவையல்ல போயிடுமா?"

அவர் கையிலிருந்து டேப்பை வாங்கினேன். கொடுக்க மாட்டார் என்று நினைத்தேன், கொடுத்துவிட்டார். ஆறாவது கதவுக்குப் பக்கத்தில் எழுத இடமில்லை. நோட்டின் கடைசியில் வெறுமையாக இருந்த ஒரு பக்கத்தைத் திறந்தேன். வாங்கிய தேதி என்ற இடத்தில் இன்றைய தேதியைப் போட்டேன். பெயர், அண்ணி ரூம் கதவு. 

கதவின் குறுக்கே டேப்பை நீட்டி, சாவியை நகர்த்தாமல் அளந்தேன்.

"தோள் முப்பத்தொண்ணு" என்று சொல்லிக்கொண்டே எழுதினேன்.

"முப்பது" என்றார் அண்ணி.

"இல்லையே அண்ணி. டேப்ல முப்பத்தொண்ணு காட்டுதே."

"அந்த டேப் ஒண்ணுலேருந்துதான் ஆரம்பிக்குது. முதல் இன்ச் கிழிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு."

நுனியைத் திருப்பிப் பார்த்தேன். ஆமாம். தகர முனை இல்லை, பூஜ்யமும் இல்லை. ஒன்றிலிருந்து தொடங்கியது. வீட்டில் தினமும் அவர் கழுத்தில் தொங்குகிற டேப். சாப்பிடும்போதும் கழற்ற மாட்டாரே என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்.

"ஒரே வீட்டுல இருக்கே. இது தெரியாதா உனக்கு?"

"தெரியாது அண்ணி" என்றேன். "நான் பார்க்கவே இல்லை."

அண்ணி என்ன நினைத்தாரோ, குனிந்து டேப்பின் கிழிந்த முனையைக் கதவின் விளிம்பில் தானே பிடித்துக்கொண்டார்.

"திரும்ப எடு" என்றார்.

எடுத்தேன். முப்பத்தொன்றை அடித்துவிட்டு முப்பது என்று எழுதினேன். இடுப்பு, அடிச்சுற்று, மூன்று பட்டன். எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம் அவரே பிடித்தார். என் கணவர் எழுந்து வந்து, யாரும் சொல்லாமலேயே ஏழாவது நிலையை நிமிர்த்தி நிறுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டையெல்லாம் தார்.

கொடுக்கும் தேதி என்ற இடம் மிச்சம் இருந்தது. அங்கே பென்சிலைக் கொண்டு போனேன். அண்ணி என் விரலிலிருந்து அதை உருவிக்கொண்டார்.

"அதை எப்பவும் நான்தான் போடுவேன்" என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, கொத்தனாரைத் தேடித் தெருப்பக்கம் போனார்.

சாவி கதவின் மேலேயே கிடந்தது.